மிளகாய் காயும் மாடி

— அப்ப அந்த விமானத்துக்குள்ள நீங்க இருக்கவே மாட்டீங்களா?

— இருக்க மாட்டேங்க. அதுக்குள்ள யாருமே இருக்க மாட்டாங்க. அதாவது வந்து, நான் கேம்புல ஒரு ரூமுக்குள்ள சேர்ல உக்காந்திருப்பேன்.

— தரகரு, “மாப்பிள்ளை பூமிநாதன் நேவில விமானம் ஓட்டுறாரு, தெனமும் உங்க தலைக்கு மேலதான் போறாரு”ன்னுல்ல சொன்னாரு.

— அய்யய்யோ. ஓட்டுறதும் நான் இல்லீங்க. பக்கத்து சேர்ல ஒரு பஞ்சாபிக்காரரு, அவருதான் ஓட்டுவாரு. அதாவது வந்து, நான் அதுல இருக்க கேமராவத் திருப்புறவன்.

— நெசமாவே ஒரு விமானத்துலயும் ஏறுனது இல்லையா?

— ஒரே ஒரு வாட்டி. சென்னையில இருந்து கொச்சிக்கு. வாந்தி எடுத்துட்டேன்.

— சிரிக்கிறேன்னு கோவிச்சுக்கிறாதீங்க. எங்க அத்தை இந்தத் தெருவுல உள்ள பொம்பளைக அத்தன பேரையும் வாசல்ல நிப்பாட்டி, “எங்க மாப்ள போறாரு, கையக் காட்டுங்கடி”ன்னு ஒரு மாசமா கைய ஆட்ட வச்சிருக்காங்க.

— ஆளில்லாத விமானத்துக்கா?

— ஆளில்லாதது எங்களுக்குத் தெரியாதுல்ல. ஒருநா அது கொஞ்சம் சாஞ்சு திரும்புச்சு. “பாத்தியா, தம்பி தலைய ஆட்டிட்டுப் போகுது”ன்னாங்க.

— ஹச்! மன்னிச்சிருங்க, மொளகா நெடி. ஹச்!

— ஏத்தா சேதுலட்சுமி! என்ன மாடியில சத்தம்? மாப்ள தும்முறாரா?

— ஒண்ணுமில்ல அத்தே, மொளகா!

— தனியாப் பேசிட்டு வாங்கன்னு அனுப்புனா, மாப்ளையக் கொண்டுபோயி மொளகாய்க்கு நடுவுல நிப்பாட்டியிருக்கா பாரு. அந்தத் தார்ப்பாய ஓரமா இழுத்துப் போடு தாயி!

— கனக்குது அத்தே! முழு மூட்டையும் கொட்டியிருக்கு!

— நான் வேணா இழுக்கட்டுமாங்க?

— தொடாதீங்க! இல்ல, அந்தக் கையால கண்ணத் தொட்டா எரிஞ்சு போகும். அங்கனயே நில்லுங்க.

— நீங்களாவது இப்படி நெழலுக்கு வரலாம்ல. வெறுங்காலோட வெயில்ல நிக்கிறீங்க. அந்த எடத்த விட்டு ஒரு எட்டு நகர மாட்டேங்குறீங்க.

— எனக்குப் பழகுன வெயிலு. பேச்ச மாத்தாதீங்க. அந்த கேமரால என்ன பாப்பீங்க?

— கடலத்தாங்க. பெரிய போட்டு, சின்ன போட்டு, சந்தேகமா எதுவும் வருதான்னு. வீட்டப் பாக்கக்கூடாதுன்னு உத்தரவு.

— பாத்ததே இல்ல?

— சத்தியமா இல்ல. இந்த மொளகாயையே மேல இருந்து பாத்தா ஊரு பூரா செவப்பா, சதுரம் சதுரமா அழகா இருக்கும், ஆனா நாங்க...

— வீட்டப் பாக்கலன்னீங்க?

— அதாவது வந்து...

— மொளகா மட்டும் மாடியில்லாம அந்தரத்துல காயுதாக்கும்.

— எறங்கி வாறப்ப கண்ணுல படுங்க. கேமரா கீழ பாத்துக்கிட்டே வரும், கொஞ்ச நேரந்தான். கண்ண மூடிக்கிட்டா சம்பளத்தப் புடிச்சிருவாங்க.

— நல்லா மாட்டிக்கிட்டீங்க. சரி, அது குண்டு போடுமா?

— எங்களது போடாது. பாக்க மட்டுந்தான்.

— வேற நாட்டுல போடுதாமே. எங்கேயோ இருக்கவன் பொத்தான அமுக்குனா, இன்னொரு நாட்டுல கல்யாண வீடு எரியுதுன்னு பேப்பர்ல படிச்சேன்.

— அது வேற விமானங்க.

— வேறதான். ஆனா நீங்க பாத்துச் சொல்லுவீங்க, போடுறவன் வேற ஒருத்தன் போடுவான். அப்ப அந்தப் பாவத்துல உங்க பங்கு எம்புட்டு?

— பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படி யாரும் கேக்க மாட்டாங்க.

— சமைக்கத் தெரியுமான்னு நீங்க கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேனா? அதுபோல இதுவும்.

— அதாவது வந்து, இல்ல, “அதாவது” இல்லாமலே சொல்றேன். எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்தா, அக்கரையில, இலங்கையில சண்ட முடிஞ்சு ஒரு மாசம் ஆகல. அந்தப் பக்கம் இருந்து ஒரு தோணி வந்தா, இவன் பொழைக்க வாறவனா, வேற எதுக்கும் வாறவனான்னு மேல இருந்து தெரியாது. தலைதான் தெரியும். கறுப்பா, புள்ளி புள்ளியா. தப்பாச் சொல்லிட்டா என்ன ஆகும்னு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது.

— அப்ப எதுக்கு இந்த வேல?

— ஒருநா மண்டபத்து மீன்காரங்க போட்டு ஒண்ணு, இஞ்சின் நின்னுபோயி கடல் இழுத்த பக்கம் போய்க்கிட்டு இருந்துச்சு. யாரும் அத தேடவே இல்ல. நான்தான் பாத்தேன். விமானத்த அதுக்கு மேலயே வட்டமடிக்க வச்சு, ஆள அனுப்பினோம். அவங்க சட்டையக் கழட்டி ஆட்டுறாங்க. நானும் சேர்ல உக்காந்துக்கிட்டே கைய ஆட்டுறேன். பஞ்சாபிக்காரரு என்னையப் பாத்து, இந்தியில, “யாருக்குய்யா ஆட்டுற?”ங்கிறாரு.

— ஆட்டுனீங்களா? நெசமா?

— பாக்கமாட்டாங்கன்னு தெரியும். கை தானா ஆடிருச்சு.

— எங்க அத்தைக்கு ஏத்த ஆளுதான்.

— ஏத்தா! காப்பி போட்டுட்டேன்! பஜ்ஜி ஆறுது! மாப்ள வீட்டுக்காரங்க தாம்பூலத் தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக!

— இந்தா வாரோம் அத்தே!

— அப்ப, எறங்குனதும் தட்டு மாத்திருவாங்களா?

— அதான் திட்டம். அத்தை முடிவு பண்ணியாச்சு. எங்கம்மா போன பெறகு என்னைய வளத்தவங்க, மறுத்துப் பேச முடியாது. நானும் பேசிப் பாத்தேன். வேணாம்னா, “வெக்கம்”ங்கிறாங்க. அழுதா, “சந்தோசம்”ங்கிறாங்க. சாப்பிடாம இருந்தா, “இப்பவே மாப்ள நெனப்பு”ங்கிறாங்க.

— வேணாம்னு சொன்னீங்களா?

— அது போன வாரம்.

— ஏங்க? அதாவது வந்து, தெரிஞ்சுக்கிடலாம்னுதான்.

— கீழ மூணு ரூம்பு இருக்கு. ஒண்ணுலகூட நான் வாயத் தெறந்து பாடுனது கிடையாது. ராமநாதபுரத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல நாள் பூரா உக்காந்துட்டு, பஸ்ஸுல நசுங்கி வந்து, நேரா இந்த மாடிக்குத்தான் ஏறுவேன். இங்கன பாடுவேன், அழுவேன், சும்மா கைய வீசிக்கிட்டு அங்குட்டும் இங்குட்டும் நடப்பேன். அத்தைக்கு முழங்கால் வலி, ஏற மாட்டாங்க. மார்ச்சு மாசத்துல இருந்து மேல அந்தச் சத்தம். பெரிய சத்தமில்ல, பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுறாப்புல. அது போன பெறகும் என் கை வீச மாட்டேங்குது.

— யாரும் உங்களப் பாக்கலீங்க.

— பாக்காம இருக்கலாம். ஆனா பாக்குறாங்களோன்னு நெனச்ச நாள்ல இருந்து, நான் நடக்குறத நானே பாத்துக்கிட்டு நடக்குறேன். ஒரு ஆளு நடந்த எடத்துல ரெண்டு ஆளு நடக்குறாப்புல இருக்கு. அந்த நேரம் பாத்து, மேல இருந்து பாக்குற ஆளையே கட்டிக்கன்னா எப்படி?

— எங்க ரூம்புக்கு சன்னலே கிடையாதுங்க. உள்ள போனா யாரும் எங்களப் பாக்க முடியாது. ஒரு சமயம், என்னையும் யாராவது பாத்தா நல்லாயிருக்குமேன்னு தோணும்.

— இப்பத்தான் ஊரே பாக்க வந்து உக்காந்திருக்கீங்களே.

— அதான் வேர்க்குது.

— அத்தை வேற, என் கையில அவங்க கூறைச் சேலையக் குடுத்து, “மாடியில விரி தாயி, செவப்பா இருக்கு, வீட்ட மாப்ள அடையாளம் கண்டுக்கிடட்டும்”னாங்க.

— செவப்புச் சேலையா? அப்படி எதும் பாத்த ஞாபகம் இல்லையே.

— விரிச்சாத்தானே பாப்பீங்க. சேலைய மடிச்சு வச்சுட்டேன். அது கெடக்கட்டும், இந்த வாரம் பூரா சத்தத்தையே காணோமே. எண்ணெய் தீந்து போச்சா?

— பாதைய மாத்திட்டோம். இப்ப ஊருக்கு மேல வாறதில்ல, கடல் பக்கமா சுத்தி எறங்குறோம். அது பெரிய கூத்துங்க. வெளிய சொல்லிறாதீங்க.

— அத்தைகிட்ட சொன்னாத்தான் வெளிய போகும். நீங்க சொல்லுங்க.

— போன வாரம் எறங்கி வாறப்ப, ஏதோ ஒரு ஊருல, ஒரு மாடி நெறைய வெள்ளையா எழுத்து. பஞ்சாபிக்காரருக்குத் தமிழ் தெரியாது, என்னையப் படிக்கச் சொன்னாரு. “வராதீங்க”ன்னு எழுதியிருந்துச்சு.

— எந்த ஊருன்னு தெரியலையா?

— படத்துல எல்லா மாடியும் ஒண்ணு போலத்தான் இருக்கும். எழுத்து மட்டும் என்னா பெருசுங்கிறீங்க! உடனே பெரிய அதிகாரி மீட்டிங் போட்டுட்டாரு. ஒருத்தரு, இது எதிரிக்குக் குடுக்குற சமிக்ஞைங்கிறாரு. ஒருத்தரு, ஊர்க்காரங்க நம்ம விமானத்துக்கு எதிர்ப்பு காட்டுறாங்க, நாளைக்கு மறியல் வரும்ங்கிறாரு. நாட்டுப் பாதுகாப்பு பெருசா, சனங்க நிம்மதி பெருசான்னு ரெண்டு நாளு ஒரே வாக்குவாதம். டீ மட்டும் ஒரு அண்டா ஆகியிருக்கும்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னையக் கேக்க ஏது ஆளு. ஆனா கடைசியில நானே எந்திரிச்சுட்டேன். “சார், ஊரே சேந்து எழுதியிருந்தா பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க. இது சுண்ணாம்பு. கடைசி எழுத்துக்குச் சுண்ணாம்பு பத்தாம வெளிறிப் போயிருக்கு. ஒத்த ஆளு எழுதுனது. கீழ சொல்லிப் பாத்து யாரும் கேக்காமத்தான் மேல எழுதியிருக்காங்க. சுத்திப் போவோம் சார்”னேன்.

— கேட்டாரா?

— கொஞ்ச நேரம் மொறச்சாரு. பெறகு, “சரி, மரியாதையாத்தானே எழுதியிருக்காங்க”ன்னு பாதைய மாத்திட்டாரு... ஏங்க, என்னாச்சு? ஏன் முந்தானையால கண்ணத் தொடைக்கிறீங்க?

— மொளகா நெடி. கண்ணுல தண்ணி வருது.

— காலையும் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறீங்க. சுடுதுல்ல? சொன்னாக் கேக்கணும்.

— ஆமா. சுடுது.

— ஏத்தா! நல்ல நேரம் முடியப்போகுது! என்ன சொல்ற தாயி, தட்ட மாத்தலாமா?

— இருங்க அத்தே!

— இங்க பாருங்க. உங்களுக்கு இஷ்டமில்லன்னா நான் கீழ போயி, எனக்குத்தான் புடிக்கலன்னு சொல்லிர்றேன். பழி எம்மேல போகட்டும். அத்தை உங்களத் திட்ட மாட்டாங்க.

— என்ன கொறைன்னு கேட்டா?

— பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல, எனக்கு மொளகா ஒத்துக்கிடலன்னு சொல்றேன். தும்முனதுக்கு ஊரே சாட்சி.

— நல்ல ஆளு. பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல.

— ஒரே ஒரு மனக்கொறைதாங்க. அந்த மாடிக்காரங்களத் தேடிக் கண்டுபிடிச்சு, “இனிமே நாங்க மேல வரமாட்டோம், நிம்மதியா இருங்க”ன்னு ஒரு வார்த்த சொல்லணும்னு நெனச்சிருந்தேன்.

— சொல்லிட்டீங்க.

— யாருகிட்ட?

— அந்தத் தார்ப்பாய்ல ஒரு முனையத் தூக்கிப் பாருங்க.

— கனக்கும்னீங்க, தொடாதன்னீங்க... ஆத்தாடி. இது சுண்ணாம்புல்ல? “வரா”... இந்த மாடியா? நீங்களா? எங்க விமானம் உங்களுக்கு அம்புட்டுத் தொந்தரவாவா இருந்துச்சு?

— விமானத்துக்கு எவ எழுதுனா? பொண்ணு பாக்க வராதீங்கன்னு உங்களுக்குல்ல எழுதுனேன். கழுவிப் பாத்தும் போகலன்னு மொளகாயக் கொட்டுனேன், கடைசி எழுத்துக்குத் தார்ப்பாய் பத்தல. மொதல்ல அத மறைக்கத்தான் அதுமேல ஏறி நின்னேன்; இப்ப அழிச்சுக்கிட்டு நிக்கிறேன்.