‘நலம்’ என்று எழுதிய புதன்கிழமை

பெயர் பெரில் ட்ரெலோர், வயது 71, கணவர் காலமானவர், 14, வாட்டில் தெரு, போர்ட் பிரீ, தெற்கு ஆஸ்திரேலியா. விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். வீடுகளுக்கு மதிய உணவு கொண்டுபோகும் ஊர்ச் சங்கத்தில் ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். சென்ற ஜனவரி வரை ஓட்டுநர் ஆளைப் பார்த்துத்தான் சாப்பாட்டைக் கொடுப்பார். அதன் பிறகு, வாசலில் உள்ள ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஆளைப் பார்ப்பதற்குப் பதிலாக நான் திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பெயருக்கு எதிரே ‘நலம்’ அல்லது ‘பதில் இல்லை’ என்று எழுத வேண்டும்.

என் பட்டியலில் இருந்த கிளெம் பாஸ்கோ, வயது 84, ஈய ஆலையில் உலை வேலை பார்த்தவர், தனியாக இருந்தார். தொலைபேசி இரண்டாவது முறை அடிக்கும்போதே எடுத்து, "இன்னும் சாகல பெரில், அடுத்த ஆளக் கூப்பிடு" என்பார். பிறகு இருபது நிமிடம் வைக்க விடமாட்டார்.

இம்மாதம் 12-ந் தேதி புதன்கிழமை மூன்று முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. அதன் பிறகு ஓட்டுநர் டாரிலைக் கேட்டேன். "நேத்து வச்சது காலியாயிருக்கு. மனுசன் நல்லாத் தின்னுட்டுத்தான் இருக்கார், நீ ஏன் பதறுற?" என்றார். அதன் பிறகு சங்கப் பொறுப்பாளர் கிளெனிஸிடம் சொன்னேன். "பதில் இல்லைன்னு போட்டா யாராவது நேர்ல போயாகணும். ஆளுக்கு நான் எங்க போவேன்? நலம்னு போடு" என்றார். போட்டேன். கையெழுத்து என்னுடையது.

14-ந் தேதி வெள்ளிக்கிழமையும் எடுக்காததால், யாரையும் கேட்காமல் நானே போனேன். கதவு பூட்டியிருந்தது. அதன் பிறகு போலீசைக் கூப்பிட்டேன். போலீஸ் வந்து நாங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஷேன் வந்தார். "சாப்பாடு பெட்டியிலயே கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில இருப்பாருன்னு நெனச்சேன், வீணாப் போகுதேன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். மூன்று தட்டுகளையும் கழுவி அடுக்கி வைத்திருந்தார்.

போலீசார் கதவை உடைத்துத் திறந்தபோது கிளெம் சமையலறைத் தரையில் கிடந்தார். விழுந்தது செவ்வாய், உயிர் போனது வியாழன் என்று டாக்டர் சொன்னார். தொலைபேசி அதே சமையலறைச் சுவரில் இருக்கிறது. புதன்கிழமை நான் அடித்த மணி அவர் காதில் விழுந்திருக்கும்.

17-ந் தேதி திங்கட்கிழமை எனக்கு வந்த பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்தது. எதிரே ‘பதில் இல்லை’ என்று எழுதினேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) பெரில் ட்ரெலோர்