கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

எனக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் நான் போட்டிருக்கும் ஒரே சட்டம் அதுதான் என்று என் மனைவி குசுமாவதி சொல்லுவாள். மற்றபடி குழம்பில் உப்பு கம்மியா, ஜாஸ்தியா என்றுகூடக் கேட்காத மனுஷன் நான்.

நாங்கள் ஜைனர்கள். எங்களை நயினார் என்று கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். விளக்கைத் தேடி வரும் பூச்சி ஒன்று சோற்றில் விழுந்து, நமக்கே தெரியாமல் ஓர் உயிர் போய்விடக் கூடாது என்பதற்காக. தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீசில் இது எல்லோருக்கும் தெரியும். ஐந்து மணியானால் மேனேஜரே, "நயினாரே, சூரியன் எறங்குது, கெளம்புங்க" என்பார். கேலிதான். ஆனால் அதற்குள் ஒரு மரியாதையும் இருந்தது. எறும்பைக்கூட மிதிக்காதவன், பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆபீசில் நான் வண்டி இன்ஸ்பெக்டர். இன்சூரன்ஸ் கேட்டு வருகிற வண்டியை நேரில் போய்ப் பார்த்து, ஃபாரத்தை நிரப்பி, சேசிஸ் நம்பரைப் பென்சிலில் எடுத்துவர வேண்டும். வண்டியின் அடிச்சட்டத்தைத்தான் சேசிஸ் என்பார்கள். அதில் ஓர் இடத்தில் நம்பரைக் குத்தியிருப்பார்கள். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் நம்பர் தாளில் எழும்பி வரும். பிள்ளைகள் காலணாவை வைத்துத் தேய்த்து விளையாடுவார்களே, அதே வேலை. கையால் எழுதினால் தப்பாக எழுதலாம், வேண்டுமென்றே மாற்றியும் எழுதலாம். தேய்த்து எடுத்தால் இரும்பில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எண்பத்தொன்றாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆதிமூலம் ஆபீசுக்கு வந்தார். அடி அண்ணாமலைக்காரர். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தவர், மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து, ஜவ்வாது மலையில் பஸ் போகாத ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ரோடு என்று சொல்ல முடியாது, உருட்டுக் கல்லும் ஓடையும்தான். அதற்குத் தோதாக அந்த ஜீப்பை அவர் படாத பாடு படுத்தியிருந்தார். இன்ஜினை எடுத்துவிட்டு வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினை வைத்திருந்தார். லாரி ஸ்பிரிங், டிராக்டர் மாதிரி பல்லு வைத்த டயர். எல்லாவற்றுக்கும் மேலே, சேசிஸை நடுவில் அறுத்து மூன்று அடி இரும்பு சேர்த்துப் பற்றவைத்து, பின்னால் ஒன்பது பேர் உட்கார இடம் செய்திருந்தார். கம்பெனியிலேயே நீள ஜீப் வருவதுண்டு. மேலே புதுப் பெயிண்ட் அடித்துவிட்டதால் பார்க்கிறவர்களுக்கு இதுவும் அப்படி ஒன்று என்றுதான் தோன்றும்.

வேறு யாராக இருந்தாலும் பழைய இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓட்டியிருப்பார்கள். ஆதிமூலம் தானாகத் தேடி வந்தார். மலையிலிருந்து தீபத்துக்கு ஜனங்களை இறக்கிக் கொண்டுவர வேண்டும், அதற்குள் பேப்பர் சரியாக இருக்க வேண்டும் என்றார். அன்றைக்குச் சாயங்காலமே வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன்.

அவர் போனதும் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பி, இன்சூரன்ஸ் கேட்டிருந்த ஒரு லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப பஸ் கிடைக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. போளூர் ரோட்டில் தசரதனுடைய பட்டறையில் ஜீப் நின்றது. நான் போய்ச் சேரும்போது ஐந்தேகால். தசரதன்தான் சேசிஸை நீட்டியவர். அவர் வெல்டிங் கம்பி வாங்க டவுனுக்குள் போயிருந்தார். ஆதிமூலமும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

"நயினாரே, இன்ஜின் வேற, ஸ்பிரிங் வேற, அடியில மூணு அடி நீட்டிப் பத்த வச்சிருக்குது. எல்லாத்தையும் எழுதிக்குங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஆதிமூலம் மறைச்சுட்டான்னு பேரு வரக் கூடாது" என்றார்.

"எழுதிக்கிறேன்" என்றேன்.

கோணியை விரித்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனேன். நம்பர் இருந்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி வெல்டிங் ஆரம்பித்தது. அந்த இடத்தில் சேசிஸின் மேல் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதால் மெதுவாகத்தான் போயின. தாளை வைத்து அழுத்தினால் நசுங்கிவிடும். அதனால் கையை வைக்காமல், அவை போய் முடியட்டும் என்று படுத்தபடியே காத்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். எறும்புகள் வெல்டிங்குக்குப் பக்கத்தில் இரும்புக்குள்ளே நுழைந்தன. சட்டத்தின் அந்தப் பக்கம் வெளியே வந்தன. மயிரிழைக்குக் கொஞ்சம் கூடுதலான விரிசல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை.

கடைசி எறும்பு போன பிறகு தாளை வைத்துத் தேய்த்தேன். நம்பர் வந்தது. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடும் வந்தது.

நான் அடியிலிருந்து வெளியே வரும்போது வெயில் தென்னை மரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. விரிசலைச் சொன்னால் தசரதன் வரும்வரை நிற்க வேண்டும். மறுபடி பற்றவைப்பதைப் பார்க்க வேண்டும். நீட்டியதை எழுதினால் ஆர்.டி.ஓ. கையெழுத்து, வேலூர் ஆபீசின் அனுமதி என்று ஃபைல் அலையும், தீபம் போய்விடும். அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. எனக்குப் பசித்தது. அரை மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போகாவிட்டால் மறுநாள் காலைவரை பட்டினி.

ஃபாரத்தில், வண்டியில் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளனவா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். வண்டியின் நிலைமை நன்று என்று எழுதினேன். எல்லாம் இங்கிலீஷில். ஆதிமூலம் படிக்கவில்லை. நயினார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, தமிழில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். நான் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

இதுவரை சொன்னதை ஒருவன் மன்னிக்கலாம். பசி யாரைத்தான் விட்டது. ஆனால் மறுநாள் காலையில் எனக்குப் பசி இல்லை. ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனேன். தீபத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அடி அண்ணாமலை சைக்கிளில் அரை மணி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்றே பார்த்தீர்களே, ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் மேனேஜர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிளேடை எடுத்து, தாளில் அந்தக் கோடு இருந்த ஓரத்தை நறுக்கினேன். மீதியை ஃபாரத்தில் ஒட்டினேன். நறுக்கிய துண்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

தீபத்தன்று காலையில் ஜீப் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு ஓடைக்கரையில் சேசிஸ் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி பாதையிலேயே நின்றுவிட்டது. ஆதிமூலம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பின்பாதி, உட்கார்ந்திருந்த ஒன்பது பேரோடு ஓடைக்குள் புரண்டது. நான்கு பேர் பிழைத்தார்கள். சந்திரம்மாள் என்கிற பெண் தீபத்துக்கென்று நெய் கொண்டுவந்தாளாம். அவளும், அவளுடைய அண்ணன் சக்கரவர்த்தியும், மணியம்மாளும், மணியம்மாளின் இரண்டு பெண் குழந்தைகளும் செத்துப்போனார்கள். கோர்ட்டில் இந்த வரிசையில்தான் பெயர்களைப் படித்தார்கள். அந்தக் குழந்தைகளின் பெயரும் எனக்குத் தெரியும். எழுத முடியவில்லை.

கம்பெனி கையை விரித்தது. வண்டியை மாற்றியதை உரிமையாளர் மறைத்துவிட்டார் என்று ஃபாரமே சொல்லும்போது யார் என்ன செய்ய முடியும். செத்தவர்களின் வீட்டுக்கும் ஒன்றும் போகவில்லை. ஆதிமூலத்தின் மேலும் தசரதன் மேலும் கேஸ் நடந்தது. நான் அரசுத் தரப்புச் சாட்சி.

வண்டியை நீட்டியிருப்பதாக உங்களிடம் சொன்னாரா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். அடியில் பார்த்தீர்களா என்றார். நம்பர் எடுக்கிற அளவுக்குப் பார்த்தேன், வெளிச்சம் போதவில்லை என்றேன். பொழுது சாயும் நேரமா என்று நீதிபதியே கேட்டார். அவருக்கும் எங்கள் வழக்கம் தெரிந்திருந்தது. ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை. என் சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு இருந்தது. கூண்டில் நின்றபோது அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்து ஆதிமூலத்திடம், நயினாரிடம் சொன்னீர்களா என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குத் தப்பிய பள்ளிக்கூடப் பையன் வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"சொன்ன மாதிரிதாங்க ஞாபகம். ஆனா நயினார் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. நான்தான் அவசரத்துல சொல்லாம வுட்டுட்டேனோ என்னமோ" என்றார்.

அவருக்கு இரண்டு வருஷம், தசரதனுக்கு ஒரு வருஷம். சாட்சிக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது.

அதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் ரிட்டயராகிவிட்டேன். ஆதிமூலம் வேலூர் ஜெயிலிலிருந்து வந்து, நிலத்தை விற்றுவிட்டு, அடி அண்ணாமலையில் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். போன மாசம் ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குசுமாவதி மோர் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் நயினாரே. கேஸு முடிஞ்சுபோச்சு, தண்டனையும் முடிஞ்சுபோச்சு. யாருக்கும் இனிமே ஒண்ணும் வராது. அன்னிக்குப் பட்டறையில நான் உங்ககிட்ட சொன்னேனா, சொல்லலையா? எங்க வூட்ல கஸ்தூரி, நீ சொல்லாம இருந்திருக்க மாட்டேன்றா. எனக்கு இன்னா தோணுதுன்னா, வண்டி ஓடணும்ன்ற ஆசையில நானே முழுங்கிட்டேன் போல. அந்தப் பசங்க மொகம் வருது. நான் மறைச்சதாலதான்னா, சரி, அது என் பாவம்னு இருந்துட்டுப் போறேன். தெரியாம இருக்கறதுதான் முடியலீங்க."

கோர்ட் இல்லை. நீதிபதி இல்லை. என் வேலை போகாது, பென்ஷன் போகாது. கண்ணாடிக் கூடு மேஜைமேல் இருந்தது. அடுக்களை வாசலில் குசுமாவதி நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரிஞ்சு நீங்க சொல்லல ஆதிமூலம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மோரைக் குடித்தார். "ரொம்ப நல்லதுங்க. இப்பவாவது தெளிவாச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்காகத்தான் இந்த நோட்டை எழுதுகிறேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் கொட்டை எழுத்தில், தமிழில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் துண்டைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஆதிமூலம், நீங்கள் சொன்னீர்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. விரிசலை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஐந்து பேரையும் கொன்றது நான். உங்களை ஜெயிலுக்கு அனுப்பியதும், போன மாசம் உங்கள் முகத்துக்கு நேரே அதையே மறுபடி செய்ததும் நான்தான்.

இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் என் மனசு ஆறிவிடும். உங்கள் கடை ஆறு மணிவரை திறந்திருக்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இப்போது ஐந்தேகால். சைக்கிளை எடுத்தால் அரை மணியில் வந்துவிடலாம். ஆனால் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாளைக்குக் காலையில் வெள்ளனவே வருகிறேன், அதுதான் சரி. இது நான் எழுதும் நான்காவது நோட்டு. மற்ற மூன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. குசுமாவதி இலை போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள். போக வேண்டும், சோறு ஆறிவிடும்.