எல்லைக் கல்லருகே கவிழ்த்த சட்டி

முதலில் என் குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள், நீதிபதியாரே. காலையிலிருந்து வெயிலில் நிற்கிறது. கோர்சாவுக்குப் பதினான்கு வயது. ஆறு சண்டைகளில் என்னைச் சுமந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் அதன் பின்னங்காலைப் பிடித்து ஈர மண்ணில் அழுத்தியபோது அது உதைக்கவில்லை, பார்த்தீர்கள் அல்லவா? நான் பக்கத்தில் நின்றதால்தான் உதைக்கவில்லை. சட்டிக்கு அடியில் இருந்த தடமும் இந்தத் தடமும் ஒன்றுதான். அதில் எனக்கு வாதம் எதுவும் இல்லை.

இனி நீங்கள் கேள்வி கேட்டுக் களைக்க வேண்டாம். நானே சொல்கிறேன், உங்கள் எழுத்தர் நிதானமாக எழுதட்டும். கடைசியில் மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

என் பெயர் சுவேரோ ஓர்தோஞெஸ். தோராலோன் கோட்டைக்கும் அதைச் சுற்றியுள்ள எல்லைக்கும் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தளபதி. என் தகப்பனாருக்குக் காஸ்தில் அரசர் கொடியும் கொப்பரையும் கொடுத்திருந்தார். கொடி, சொந்தப் படை நடத்த. கொப்பரை, அந்தப் படைக்குச் சாப்பாடு போட. முந்நூறு பேருக்குக் கொண்டைக்கடலையும் ஆட்டிறைச்சியும் வேகும் கொப்பரை. தகப்பனார் பெனஹாராவின் மதிலடியில் தலையில் கல் விழுந்து செத்தார். அதே மதிலடியில் நான் என் இடது கை விரல்கள் இரண்டை விட்டுவிட்டு வந்தேன். பெனஹாரா எல்லைக்கு அந்தப் பக்கம், கிரனாடா சுல்தானின் ஊர். எங்கள் கோட்டை மேலே நின்றால் அவர்கள் கூரையில் காயும் அத்திப்பழம் தெரியும்.

பிறகு சமாதானம் வந்தது. ஐந்து ஆண்டுக்கு. பெரியவர்கள் எங்கோ உட்கார்ந்து முத்திரை குத்தினார்கள், எங்களை யாரும் கேட்கவில்லை. முரசும் கொடியும் இல்லாமல், மூன்று நாளுக்குள் போய்க் கொள்ளையடித்துத் திரும்பினால் அது போர்க் கணக்கில் சேராது என்று எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆண்டை அதை வைத்து ஒப்பேற்றினோம். இரண்டாம் ஆண்டில் என் ஆட்களுக்கு அதற்கும் மனமில்லாமல் போயிற்று. ஈட்டி பிடித்தவர்கள் வெங்காயம் நட்டார்கள். பெனஹாரா சந்தைக்குப் போய் உலர்ந்த திராட்சை வாங்கி வந்தார்கள். என் கொடி பிடிப்பவன் அங்கே ஒரு கல்யாணத்தில் பாட்டுப் பாடிவிட்டு வந்தான். ஒருநாள் முற்றத்துக்கு வந்தேன். தகப்பனாரின் கொப்பரைக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. விரட்டப் போனேன். சமையற்காரி ஓடி வந்தாள்.

"அடைக்கு ஒக்காந்திருக்கு எசமான். எப்படியும் அந்தக் கொப்பரை சும்மாத்தானே கெடக்கு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்ததாக நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதட்டும். எல்லையில் மாடு காணாமல் போனாலும், ஆள் செத்தாலும், இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முறை உண்டு. எங்கள் தடக்காரன் குற்றவாளியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கல் வரை போவான். அங்கே அவர்கள் தடக்காரன் நிற்பான். இவன் தடத்தை அவனிடம் ஒப்படைப்பான். ஒப்படைத்த தடங்களில் ஒன்றின் மேல் மழை படாமல் மண் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். வழக்கு முடியும்வரை அந்தச் சட்டியை ஒருவரும் தொடக் கூடாது. தடம் எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊர் பதில் சொல்ல வேண்டும். தடக்காரன் சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

எங்கள் தடக்காரன் பெயர் போர்த்தூன். அவனுடைய தாய்தான் எனக்கும் பால் கொடுத்தவள். ஊரார் முன்னால் என்னை மரியாதையாகத் 'தோன்' சேர்த்துத் தோன் சுவேரோ என்பான், தனியாக இருந்தால் 'டா' போட்டுத்தான் பேச்சு. அவர்கள் தடக்காரன் மூஸா. சமாதானம் வந்த பிறகு இவர்கள் இருவரும் எல்லைக் கல்லில் உட்கார்ந்து ஒரே வெங்காயத்தைப் பிட்டுத் தின்பார்கள். அவர்கள் பாஷையில் பாதியைப் போர்த்தூன் கற்றுக்கொண்டுவிட்டான். ஒருமுறை அந்த வழியாகப் போனேன். மூஸா ஏதோ சொல்ல, போர்த்தூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நாற்பது ஆண்டு என்னோடு இருந்தவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேச்சுவாக்கில் வந்துவிட்டது, எழுத்தர் இதை விட்டுவிடலாம்.

சமாதானம் முறிய ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது அவர்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். இரண்டு ஆண்டு பொறுமையாகக் காத்திருந்தேன், அவர்கள் கொடுக்கவில்லை. ஆகவே நானே ஏற்பாடு செய்தேன்.

எல்லை ஓரத்துக் காட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் கரி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பல நாள் பிடித்தது. பின்னால் அழ ஆள் குறைவாக உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் உண்டு. ஐந்து பேர் என்பது என் கணக்கு. மே மாதத்துத் திருச்சிலுவைத் திருநாளுக்கு மறுநாள், நடுப்பகலில் போனோம். அன்று பார்த்து ஒருவனின் மனைவி ரொட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள், துணைக்குத் தங்கையையும் கூட்டி வந்திருந்தாள். அதனால் சாவு ஏழு ஆயிற்று. எங்கள் எட்டுக் குதிரைகளும் அங்கிருந்து நேரே எல்லை தாண்டி, பெனஹாரா ஆற்றில் இறங்கி, கல் படுகை வழியாகவே சுற்றித் திரும்பின. என்னோடு வந்த ஏழு பேரின் பெயரை நான் சொல்வதாக இல்லை. அவர்கள் என் சொல்லைக் கேட்டவர்கள், அவ்வளவுதான்.

நான் ஏன் கோர்சாவின் மேல் போனேன் என்று கேட்பீர்கள். அதன் இடது பின்னங்குளம்பு ஒரு சண்டையில் பிளந்து கோணலாக வளர்ந்தது. கொல்லன் அதற்கென்றே குறுக்குப் பட்டை வைத்து லாடம் அடித்திருந்தான். அப்படி ஒரு தடம் எல்லையில் வேறு எந்தக் குதிரைக்கும் இல்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தளபதி தன் வேலைக்குத் தன் குதிரையில்தான் போவான். இரவல் குதிரையில் போய்ச் செய்தால் அது திருட்டு ஆகிவிடும்.

மறுநாள் காலை போர்த்தூன் தடம் பிடித்தான். நாங்கள் போனதற்கு முன்தினம் பெய்த மழையில் களிமண் நன்றாக இளகியிருந்தது. நான் நாற்பது ஈட்டிகளோடு பின்னால் போனேன். காட்டை விட்டு வெளியே வந்ததும் அவன் ஒரு தடத்தின் முன்னால் மண்டியிட்டான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல், எல்லைக் கல் வரை நடந்தான். மூஸா கையில் சட்டியோடு காத்திருந்தான். அவனும் குனிந்து பார்த்தான். அவனும் கெட்டிக்காரன்தான். நிமிர்ந்து என் குதிரையின் காலைப் பார்த்தான், அப்புறம் போர்த்தூனின் முகத்தைப் பார்த்தான்.

"உன் வாயால சொல்லு, போர்த்தூன். இது எங்க ஊரு ஆளுங்க தடந்தானா?"

"ஆமா. ஒங்க ஊரு ஆளுங்கதான்."

"சரி. நீ சொன்னா சரி" என்றான் மூஸா. சட்டியை அவன் கையில் கொடுத்தான்.

போர்த்தூன் எட்டுக் குதிரைகளின் தடங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தான். ஒன்றைத் தேர்ந்து சட்டியைக் கவிழ்த்து, சுற்றிலும் கல் அடுக்கினான். அது எந்தத் தடம் என்று குதிரை மேல் இருந்தபடியே எனக்குத் தெரிந்தது. வாயால் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, கையால் உண்மையை மூடி வைத்தான். அந்த நிமிஷம் எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

தடம் ஆற்றுப் படுகையில் மறைந்தது. குற்றவாளிகளை ஒப்படைக்க அவர்களுக்கு மூன்று நாள். இல்லாத ஆளை எப்படிக் கொடுப்பார்கள்? மூன்றாம் நாள் சாயங்காலம் மூஸா ஆயுதமில்லாமல் என் வாசலுக்கு வந்தான்.

"தோன் சுவேரோ, எங்க ஆளுங்க பத்துப் பேரைப் பிணையா வச்சுக்கங்க. அதுல நானும் ஒருத்தன். சட்டியைத் தூக்கிப் பாக்கற அன்னிக்கு எங்களை விட்டாப் போதும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவனை மரியாதையோடு அனுப்பினேன். மறுநாள் விடியற்காலையில் பெனஹாராவுக்குள் நுழைந்தோம். இந்தத் தடவை முரசும் கொடியும் இருந்தன, முறைப்படி. மூஸா தன் வீட்டு வாசலிலேயே விழுந்தான். ஆண்கள் மதிலில் சண்டை போட்டார்கள், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மற்றவர்கள் தானியக் கிடங்கில் போய் ஒளிந்தார்கள். பெண்கள், வயதானவர்கள், குழந்தைகள். அவர்கள் வெளியே வரவில்லை. கதவை வெளியிலிருந்து தாழிடச் சொன்னவன் நான்தான். வைக்கோலுக்குத் தீ வைக்கச் சொன்னவனும் நான்தான். என் ஆட்களில் இரண்டு மூன்று பேர் தயங்கினார்கள், அதனால் முதல் பந்தத்தை நானே எறிந்தேன். அன்று மத்தியானம் கொப்பரையைக் கழுவி அடுப்பில் ஏற்றினோம். அரண்மனையிலிருந்து பாராட்டு வந்தது. கிடங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இன்று நீங்கள் கேட்கிறீர்கள்.

போர்த்தூன் அதற்குப் பிறகு என் மேசையில் உட்காரவில்லை. அடுத்த மாதம் யோவான் திருநாளன்று வந்தான். தாடி வளர்ந்து கிடந்தது. உங்களிடம் போகப்போவதாகச் சொன்னான். ஆற்றுத் துறை வரை வழியனுப்ப நானும் கூட நடந்தேன். வழியில் பேசினான்.

"மூஸா எம்மூஞ்சியப் பாத்துக் கேட்டான்டா சுவேரோ. நான் ஆமான்னேன்."

"யாருக்காகச் சொன்னே?"

"ஒனக்காகத்தான். அதத்தான்டா தாங்க முடியல."

தாகமாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றேன். சின்ன வயதிலிருந்தே அவன் கையால் அள்ளிக் குடிக்க மாட்டான், முகத்தைத் தண்ணீரில் வைத்துத்தான் குடிப்பான். அன்றும் அப்படியே குனிந்தான். அவன் தடக்காரன். பின்னால் என் காலடி வந்தது அவனுக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை. எட்டு விரலோடு ஒருவனின் கழுத்தைத் தண்ணீருக்குள் பிடித்திருப்பது சுலபமான வேலை இல்லை, நீதிபதியாரே. ஆனாலும் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோவிலில் என் தகப்பனாருக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தேன். வழுக்கி விழுந்தான் என்று சொன்னேன். அழுதேன், அது நடிப்பு இல்லை.

மூஸாவின் மனைவி ஸுபைஹா அந்தச் சமயம் தகப்பன் ஊரில் இருந்ததால் தப்பினாள். அவள் உங்களிடம் நீதி கேட்கவில்லை, பழி கேட்கவில்லை, சட்டியைத் தூக்கிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டாளாம். புத்திசாலிப் பெண். இன்று காலை நீங்கள் தூக்கினீர்கள். கோடை முழுக்க வெந்து களிமண் செங்கல்லாகியிருந்தது, குறுக்குப் பட்டை கூட அப்படியே இருந்தது.

கோர்சாவைக் கொன்றிருக்கலாமே என்று உங்கள் எழுத்தர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எதற்கு? அது என்ன பாவம் செய்தது?

சட்டியை உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். மே மாதத்திலிருந்து வாரம் தவறாமல் அந்த வழியாகப் போயிருக்கிறேன். பெரும்பாலும் தனியாகத்தான். குளம்பால் ஒரு தட்டு, வேலை முடிந்திருக்கும். நான் தொடவில்லை. வழக்கு முடியும்வரை தொடக் கூடாது என்பது எல்லையின் சட்டம். அதை மீறுகிறவன் ஈனப்பிறவி. நான் மீறியதில்லை.

போர்த்தூனுக்கு அது தெரியும். எட்டுத் தடங்களில் என் குதிரையின் தடத்தை மூடி வைத்துவிட்டு, காவலுக்கு ஆள் கூட வைக்காமல் போனானே, யாரை நம்பிப் போனான்? என்னைத்தான். யோக்கியன் இல்லாத ஒருவனை யாராவது அந்த அளவுக்கு நம்புவார்களா? நாளைக்கு என் தலையை எடுப்பீர்கள், எடுங்கள். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நீதிபதியாரே: அந்தச் சட்டி மேல் ஒரு கீறல் கூட இல்லை.