எந்த நாய்?

தங்கமுத்து: எந்த நாயின்னு கேட்டேன்.

மதுமதி: நாயிங்க. துரத்துச்சு, ஓடுனேன், உழுந்தேன். எக்ஸ்ரேக்குக் கூப்புடறாங்களான்னு பாருங்க மொதல்ல.

தங்கமுத்து: நமக்கு முன்னால இன்னும் ஆறு பேரு. செவலையா, கறுப்பா?

மதுமதி: காலு பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. பொண்டாட்டி காலப் பாக்காம நாயோட நெறத்தக் கேக்கறீங்களே.

தங்கமுத்து: சும்மா கேட்டேன்... எந்த எடம்?

மதுமதி: ஏரிக்கரை வளைவு. தெனம் ஓடற ரோடுதான்.

தங்கமுத்து: அங்கயா... அங்க எந்த நாயும் துரத்தாதே.

மதுமதி: நீங்க கண்டீங்களா?

தங்கமுத்து: சரி, உடு. சேலத்து ஓட்டம் என்னைக்கு?

மதுமதி: அடுத்த ஞாயிறு. பத்துக் கிலோமீட்டர். ஆவணியில ரெண்டு கரண்ட் கம்பம் தாண்டறதுக்குள்ள இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னவ நானு. போன வாரம் பத்தையும் ஒரு மணி அஞ்சு நிமிசத்துல முடிச்சேன். ஆலையில எல்லாருகிட்டயும் சொல்லி வேற வச்சிருக்கறேன். இப்பப் போயி டாக்டரு ஓடக் கூடாதுன்னுட்டா...

தங்கமுத்து: அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க. இந்தா, தொடச்சுக்க... ஆமா, பேண்ட்டுல என்ன இது வெள்ளையா?

மதுமதி: பவுடரு.

தங்கமுத்து: முழங்காலுக்கா?

மதுமதி: தொடாதீங்க, உடுங்க.

தங்கமுத்து: புளிச்ச வாடை அடிக்குது. ஏம்புள்ள, இது மரவள்ளித் திப்பியில்ல? ஜவ்வரிசிக்குப் பாலெடுத்துப்போட்டு மாட்டுத் தீவனத்துக்குக் கொட்டறது?

மதுமதி: மெதுவாப் பேசுங்க... சிரிக்கக் கூடாது.

தங்கமுத்து: மாட்டேன். சொல்லு.

மதுமதி: பதினஞ்சு நாளா டீவியில பனிச்சறுக்குப் பாக்கறேனில்ல...

தங்கமுத்து: அடுப்புல சோறு தீயறதுகூடத் தெரியாம, நார்வேக்காரி முந்திட்டாளான்னு என்னையக் கேட்டுக்கிட்டே கெடந்தியே.

மதுமதி: அவளேதான். முதுகுல துப்பாக்கியோட மேடேறறா, அசராம. அவளப் பாத்துத்தான் நான் மேட்டுல நிக்காம ஓடப் பழகுனேன். இன்னைக்கு ஓடிப்போட்டுத் திரும்பறப்ப ஆலைப் பக்கம் ஒதுங்குனேன். களத்துல திப்பி ஆளு ஒசரத்துக்குக் குமிச்சுக் கெடந்துச்சு. வெடியால வெளிச்சத்துல வெள்ளை வெளேர்னு... பக்கத்துலயே ரெண்டு பலகை கெடந்துச்சுங்க.

தங்கமுத்து: அம்மிணி... கால்ல கட்டிக்கிட்டியா?

மதுமதி: சாக்குத் தைக்கற சணல்ல. கைக்கு ரெண்டு மூங்கில் குச்சி.

தங்கமுத்து: ம்க்கும்... க்கும்...

மதுமதி: சிரிக்க மாட்டேன்னீங்க.

தங்கமுத்து: இருமறேன். எறங்குனியா?

மதுமதி: எறங்குனேனுங்க. பாதி தூரம் நெசமாவே போனேன். காத்து மூஞ்சியில அடிச்சுது. கண்ணு ரெண்டுலயும் தண்ணி வந்துருச்சு... அடியில திப்பி ஈரம். பலகை நின்னுக்கிச்சு, நான் நிக்கல. வாட்ச்மேன் சின்னான்தான் ஓடியாந்து தூக்கி உட்டாரு. உங்களுக்குப் போன் போட்டதும் அவருதான். ஊட்டுல கேட்டா நாயி துரத்துச்சுன்னு சொல்லிருங்கன்னாரு.

தங்கமுத்து: அந்தாளுக்கு வேற கதை கெடைக்கலயா.

மதுமதி: நல்ல கதைதானே. நீங்கதான் வந்ததுலேருந்து நம்பல. நாயில்லன்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?

தங்கமுத்து: டோக்கன் கூப்புடறாங்களான்னு பாத்துட்டு வாரேன்.

மதுமதி: உக்காருங்க. நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க.

தங்கமுத்து: ...கார்த்திகையில ஒரு நாளு அந்த வளைவுல நாலு நாயி துரத்துச்சுன்னு, இனி ஓடவே மாட்டேன்னு ஷூவத் தூக்கிப் பரண்ல போட்டியே.

மதுமதி: ஆமா. மறுநாளு நீங்கதான் ஒண்ணும் பண்ணாது, போன்னு எடுத்துக் குடுத்தீங்க. நீங்க சொன்னாப்புலயே அன்னைலேருந்து அதுங்க தலையக்கூடத் தூக்கல.

தங்கமுத்து: வவுறு நெறஞ்சிருந்தா எதுக்குத் தூக்குது? நீ கெளம்பறதுக்கு முன்னால வாசல்ல காலை நீட்டி மடக்கிக்கிட்டு இருப்பியே, அப்பவே நான் பின்பக்கமா மொபட்டத் தள்ளிக்கிட்டுப் போயிருவேன். பிஸ்கட்டு போட்டு, பம்புசெட்டு ரூமுக்குப் பின்னால உக்காந்துக்குவேன். நீ திரும்பி வந்து வளைவத் தாண்டுன பொறவுதான் எந்திரிப்பேன். இன்னைக்கு நீ வரக் காணமேன்னு அங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தேன். சின்னான் போன் வந்தப்ப நாலு நாயும் எங்காலடியிலதான் படுத்துக் கெடந்துச்சு.

மதுமதி: ஏனுங்க... நான் ஊட்டுக்குள்ள வர்றப்ப போத்திப் படுத்துத் தூங்கிக்கிட்டுத்தானே இருப்பீங்க?

தங்கமுத்து: அதுதான் மதி, இப்பக் கஷ்டமாப் போச்சு. மண்ரோட்டுல சுத்திக்கிட்டு வரோணும், சத்தம் கேக்காம வண்டியத் தள்ளிக்கிட்டு வேற வரோணும். ஆரம்பத்துல நீ மெதுவா வர்றப்பெல்லாம் காலு கழுவி, தண்ணி குடிச்சு, நெதானமாத்தான் படுப்பேன். இந்த மாசம் நான் உள்ள வர்றதுக்கும் நீ கேட்டத் தொறக்கறதுக்கும் சரியா இருக்குது. நேத்து செருப்போடதான் படுத்துக் கெடந்தேன்.