சாட்சிகள் இறங்கிய சந்தி

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் காலை பஸ். வளைவுக்கு வளைவு தேயிலை சாய்ந்து எழுந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் தோட்ட ஆபிஸ் அனுப்பிய ஆங்கிலக் கடிதம்: லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலுள்ள அவள் மரக்கறிப் பாத்தி சும்மா கிடக்கிறதாம், எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். இளையவள் போனைத் தேய்த்தபடி துள்ளினாள்.

“அக்கா, சண்டைக்கு முன்ன சாட்சி கூப்பிடணும்னு போட்டிருக்கு!”

“என்னா புள்ள ஒளர்ற?”

“கடிதாசியில ‘கன்டெஸ்ட்’ பண்ணணும்னா இன்னைக்கே வான்னு இருக்குல்ல? அதுக்கு அர்த்தம் எதிர்த்துப் பேசுறதுதான். ஆனா லத்தீன்ல அதோட வேரு, சாட்சிகளச் சேத்துக் கூப்பிடுறதாம்!”

“நான் தனியால்ல போறேன். சாட்சிக்கு எங்க வீட்டு ஆட்டையா கூட்டிட்டுப் போக?”

பின் இருக்கையிலிருந்து ஒருத்தி பாய்ந்தாள். “ஒரே லயத்துல நாங்க இருக்கையில ஆட்டையா தேடுறீங்க? ஒங்க போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டது யாரு?”

“வரப்பு கட்டினது நானு!” என்றாள் இன்னொருத்தி.

“திருட்டுத்தனமா கீரை பறிச்சது இவ. இவளும் சாட்சிதான்!” என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள் மூன்றாமவள்.

பஸ் சிரிப்பில் குலுங்கியது. தோட்ட ஆபிஸ் சந்தியில் மூத்தவள் எழுந்தாள். பதுளைக் கடைவீதிக்கு டிக்கெட் எடுத்திருந்த அவள் லயத்துப் பெண்கள் ஆறு பேரும் பைகளோடு எழுந்தார்கள்.

“பதுளை இன்னும் வரலம்மா!” என்று கத்தினார் கொண்டக்டர்.

“தெரியும் தம்பி. கன்டெஸ்ட் பண்ணப் போறோம்!”