பல்வலிக்குப் பெண் பார்த்த கதை

மத்தியான வெயிலில் யாரும் பெண் பார்க்கக் கிளம்புவதில்லை. என்னைப் போன்ற கல்யாணத் தரகனுக்கு அது ஈ ஓட்டும் நேரம். அதைப் போக்கத்தான் போனில் இந்தச் சீட்டுச் சண்டையை ஆரம்பித்தேன், ஐயா. என் சீட்டுக்கட்டும் எதிராளியின் சீட்டுக்கட்டும் மோதும். ஜெயித்தால் மேல்பிரிவுக்கு ஏறலாம். அவ்வளவுதான்.

விளையாட்டில் குறையில்லை. எதிராளியை ஜோடி சேர்க்கும் விதத்தில்தான் குறை. என் சீட்டுக்கட்டில் இருந்தது ஒரு மரக்கேடயமும் இரண்டு நரியும். பொத்தானை அழுத்தினால் ‘பல்வலி’ என்று பேர் வைத்துக்கொண்டு ஒருவன் மூன்று டிராகன்களோடு வந்து நிற்பான். நான் தோற்றதும், ஒரு தவளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தை அனுப்புவான். அந்த நேரத்தில் எங்கள் பிரிவில் ஆள் பஞ்சம் போலிருக்கிறது. தினமும் அவன், தினமும் தவளை. கம்பெனிக்குப் புகார் எழுதினேன். உங்களுக்குச் சமமான எதிராளியையே தருகிறோம் என்று பதில் வந்தது. அழுகின தக்காளியைத் தலையில் கட்டுகிறவன்கூட இத்தனை தைரியமாகப் பேச மாட்டான்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், மாப்பிள்ளை விவரம் கேட்க ஒரு வீட்டுக்குப் போனேன். பையனுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. அம்மா பேசிக்கொண்டிருக்க, அவன் மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தவளை சிரித்தது. மேலே ‘பல்வலி’ என்றிருந்தது.

"இவனுக்கு ஏத்த மாதிரி ஒரு பொண்ணாப் பாருங்கண்ணே" என்றார் அம்மா.

"பாத்துருவோம்மா."

ஏற்ற பெண் என் கைவசம் இருந்தாள். பார்சல் ஆபீசில் வேலை; அவளும் இதே விளையாட்டுப் பைத்தியம். சோபாவுக்கு ஒரு மூலையாக உட்கார்ந்து இருவரும் ஆயுசு முழுக்கச் சந்தோஷமாக ஆடியிருப்பார்கள். அதுதான் எனக்கு ஆகாது. அவன் ஆட்டம் கெட வேண்டுமென்றால் வீட்டில் நிம்மதி கெட வேண்டும். ஆகவே அவளைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் பெண்ணிடம் போனேன். இந்த ஸ்டேஷனில் உங்களிடம் என்மேல் புகார் கொடுத்தவள்தான்.

"அண்ணே, நகை வேணாம், சொந்த வீடு வேணாம். எங்கப்பா காலம் பூரா பேப்பருக்குப் பின்னாடியே இருந்தாரு. எங்கம்மா அந்தப் பேப்பர்கிட்டதான் பேசுனாங்க. என் மூஞ்சியப் பாத்துப் பேசுற ஆளா இருந்தாப் போதும். போன்ல விளையாடுறவரு இல்லல்ல?"

"போனா? அலாரம் வைக்கவே அடுத்தவங்களக் கேப்பாரும்மா."

அவள் சிரித்தாள். பேரம் படிந்த முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வரவேற்பு மேடையில் அவன் கை நிறையப் பூங்கொத்தோடு நின்றபோது, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் வேறு யாரையோ ஜெயித்தேன்.

கணக்கு தப்பவில்லை. மத்தியானம் அவள் அவனைப் போனில் கூப்பிட்டுச் சண்டையை ஆரம்பித்தால் அவன் ஆட்டம் பாதியில் அறுந்துவிடும், வெற்றி எனக்கு. அவர்கள் குடும்பம் எப்படி ஓடுகிறது என்று என் மதிப்பெண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தங்கப் பிரிவை எட்டியதும் என் முகம் போட்ட விசிட்டிங் கார்டையே விளையாட்டில் என் படமாகப் போட்டுக்கொண்டேன். விளம்பரம் ஓசியில் கிடைத்தால் விடலாமா?

நடுவில் சில நாள் டிராகன்கள் திரும்பின. எனக்குக் கவலையாகிவிட்டது. அவளுக்குப் போன் செய்தேன்.

"நல்லாருக்கியாம்மா?"

"இப்பப் பரவால்லண்ணே. வீட்டுக்கு வந்ததும் போனை அலமாரில வெச்சிடுறாரு. நேத்து ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

"சந்தோஷம். மத்தியானம் வேலை பாக்குற கூடத்துல என்ன பண்றாருன்னு மட்டும் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாம்மா. சும்மா சொன்னேன்."

போனாள். அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கியிருக்கிறாள். எதிராளி இடத்தில் என் படம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டமும் எனக்குத்தான். அன்றைக்கே பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுகல்யாணத்துக்கு நானே வரன் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். செருப்பைக் காட்டினாளாம்.

மறைக்க ஒன்றுமில்லை, ஐயா. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கெடுத்தேன். கூடிவந்தபோது மறுபடியும் கெடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விசாரணை என்று வந்துவிட்டால் அந்த விளையாட்டுக் கம்பெனியையும் கூப்பிட்டு விசாரியுங்கள். யார் எதிரே யாரைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம் என்று அவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?