மூணு மாடி உயரத்துக்கு நம்பர்

உங்க பக்கத்து பிரேக்கை நீங்களே மிதிச்சுட்டீங்களா நிலானி டீச்சர்? நானே மிதிச்சிருப்பேன், அந்த வேன் எவ்வளவு தூரத்துல வருது. சரி சரி, வெள்ளிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்ல இப்படிப் பண்ணா ஃபெயில்தான், தெரியுது. உங்க யாழ்ப்பாணத்துத் தமிழ்ல கதைக்காம ஓட்டுங்கோன்னு மட்டும் சொல்லாதீங்க. வாயை மூடினா எனக்கு லெஃப்ட் எது ரைட் எதுன்னே மறந்துடும்.

அம்பத்திரண்டு வயசு வரைக்கும் ஏன் ஓட்டக் கத்துக்கலைன்னா, எனக்கு எதுக்குக் கார்? கொரியாவுல புந்தாங்னு ஒரு ஊர்ல ஆறு வருஷம் இருந்தோம். சியோலுக்குத் தெற்கே, சியோல்ல வேலை பாக்கறவங்க குடியிருக்கன்னே கட்டின ஊரு. லிஃப்ட்ல இறங்கினா கடை, தாண்டினா ஆத்தோரமா நடைபாதை, அப்புறம் ரயில். கொத்தமல்லிக்கு மட்டும்தான் அலையணும். இங்க பெரிய வானம், தனி வீடுன்னு ஆசை காட்டி எங்க வீட்டுக்காரர் இந்தத் தகனினிக்குக் கூட்டிட்டு வந்தார். அவர் காரை எடுத்துட்டு, மோட்டார்வேங்கற அந்த வேகச் சாலையில ஏறி எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போனா, சாயங்காலம் வரை நானும் பின்னாடி இருக்கற புல்லும்தான்.

லெஃப்டா? இண்டிகேட்டர் போட்டாச்சு. கண்ணாடியும் பாத்தாச்சும்மா தாயே.

புந்தாங்ல எல்லா அடுக்குமாடியும் ஒரே அச்சு. அதனால பக்கச் சுவர்ல மூணு மாடி உயரத்துக்கு நம்பர் எழுதியிருப்பான். எங்களது முன்னூத்தி ஆறு. கடைசி வருஷம் இவர் முன்னூத்தி எட்டுக்குள்ள போய், யார் வீட்டுக் கதவுலயோ எங்க பூட்டோட ரகசிய நம்பரை அமுக்கிட்டு நின்னார். நாலு தடவை! வாட்ச்மேன் கொண்டாந்து விட்டான். அந்த வீட்டுக்காரி நல்லா சமைக்கறாளான்னு கேட்டேன். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அவரும் கூடவே சிரிச்சார்.

அடுத்த மாச டெஸ்ட்டை ஏன் வெள்ளிக்கு மாத்தினேன்னா... போன ஞாயித்துக்கிழமை இவர் ஓட்டறார், நான் பக்கத்துல, சிக்னல்ல நிக்கறோம். பச்சை விழுந்தா சொல்லுன்னார். விளையாட்டுன்னு நினைச்சுச் சொன்னேன். அடுத்த சிக்னல்லயும் கேட்டார். அப்பதான் எனக்கு அந்த முன்னூத்தி எட்டு ஞாபகம் வந்துச்சு.

கொரியா லைசென்ஸை வச்சே ஓட்டறார். இங்க மாத்தப் போனா கண்ணைச் சோதிப்பாங்க, அதான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளறார். இன்னைக்குச் சாவியை அரிசி டப்பாவுல ஒளிச்சேன். இன்னொரு சாவி வச்சிருந்திருக்கார், அதை வச்சு எடுத்துட்டுப் போயிட்டார்.

இப்பவா? மோட்டார்வேலதான் இருப்பார். நூறு கிலோமீட்டர் வேகத்துல போவார்.

அந்த ரவுண்டபவுட்டை இன்னொரு தடவை சுத்தலாமா?